உட்கார வைப்பதுதான் பணிவிடையா?

பெற்றோருக்குப் பணிவிடை செய்வதன் சிறப்பைக் கேட்டிராத முஸ்லிம் இல்லம் உண்டா? மதரஸாவில் பாய் விரித்து உட்கார்ந்த வயதிலிருந்து ஜுமுஆ மேடை வரை அதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். முதுமையில் அவர்களை நோக்கிச் சலிப்பின் சிற்றொலிகூட நம் வாயிலிருந்து வந்துவிடக் கூடாதென்று திருமறை கட்டளையிடுவதையும் அறிவோம். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், பணிவிடை என்பது எது? இந்தக் கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்டுக்கொள்வதில்லை. பக்கவாதம் தாக்கி, அல்லாஹ்வின் கிருபையால் உயிர் தப்பி, வீடு திரும்பிய ஒரு தகப்பனாரின் விஷயத்தில் இதைக் கேட்டே ஆகவேண்டியிருக்கிறது.

நீலகிரியில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். குன்னூரில், சாலையிலிருந்து முப்பது நாற்பது படிகள் இறங்கிப் போக வேண்டிய வீடு. நாற்பது ஆண்டுகள் கடை நடத்தி, நாளுக்கு நான்கு முறை அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர் அத்தா. ஒரு விடியற்காலையில் சுபுஹுக்கு எழுந்தவருக்கு வலக் கையும் வலக் காலும் விளங்காமல் போயின. பேச்சும் குழறியது. கோயம்புத்தூருக்குக் கொண்டு போனார்கள். மூன்று வாரத்தில் திரும்பி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவர் அவர். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி, மடியில் கம்பளி, தலையில் குல்லா, காலருகே கணப்பு. தேநீர் கைக்கு வருகிறது; இல்லை, வாய்க்கே வருகிறது. மருமகள் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாள். மகன் ஒளூ செய்து விடுகிறான். எழுந்திருக்க முயன்றால், "அத்தா, நீங்க அசையவே வேண்டாம், நாங்க இருக்கோம்ல" என்று நான்கு குரல்கள். தொழுகையும் அந்த நாற்காலியிலேயே. ஜூன் பிறந்து மழையும் மூடுபனியும் சூழ்ந்துவிட்டால், வாசற்படியைக்கூட அவர் காண்பதில்லை. வந்து பார்க்கிற உறவினரெல்லாம் பிள்ளைகளை வாயார வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். ஆறு மாதம் கழிகிறது. ஆஸ்பத்திரியில் நின்ற கால் இப்போது நிற்பதில்லை.

இந்தப் பிள்ளைகள் என்ன தவறு செய்தார்கள்? அன்பில் குறையில்லை, செலவில் குறையில்லை, மரியாதையில் குறையில்லை. அதனால்தான் இது சிக்கலான கேள்வியாகிறது.

முதலில் நோயைச் சற்றுப் புரிந்துகொள்வோம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அதை நம்பியிருந்த பகுதி செத்துப்போகிறது. செத்த பகுதி மீள்வதில்லை. ஆனால், பக்கத்திலுள்ள பகுதிகளும் எஞ்சிய பாதைகளும் அதன் வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்கின்றன. இந்தக் கற்றல் மாத்திரையால் மட்டும் நடப்பதில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் நடக்கிறது, குழந்தை நடை பழகுவதைப் போல. அசையாமல் இருப்பவருக்கோ கற்றல் நின்றுபோவதோடு முடிவதில்லை. நோய் தொடாத காலின் தசையும் கரைகிறது, மூட்டு இறுகுகிறது, காலில் இரத்தம் உறைகிறது, படுத்த இடத்தில் புண் வருகிறது, சளி நெஞ்சில் தங்குகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காமல் இரண்டாவது தாக்குதலுக்கு வழி திறக்கின்றன.

பக்கவாதத்திலிருந்து மீள்வோர் விழித்திருக்கும் நேரத்தில் முக்காற்பங்கு அல்லது அதற்கு மேலும் உட்கார்ந்தே கழிக்கிறார்கள் என்று பல நாடுகளில் கணக்கெடுத்தவர்கள் கூறுகிறார்கள். 2016-ல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்டவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 11 மணி நேரமும் அதே வயதுள்ள மற்றவர்கள் 8 மணி நேரமும் உட்கார்ந்திருந்தது தெரியவந்தது. அந்த ஆய்வின் முக்கியமான செய்தி இன்னொன்று: உடலில் எவ்வளவு சக்தி எஞ்சியிருக்கிறது என்பது மட்டும் இந்த வேறுபாட்டுக்குக் காரணமில்லை. நடக்க முடிந்தவர்களும் உட்கார்ந்தே இருந்தார்கள். அப்படியானால் அவர்களை உட்கார வைத்தது எது? பயம், பழக்கம், வீட்டின் அமைப்பு, சோர்ந்த மனம். நம் ஊரில் பிள்ளைகளின் பாசத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்காமல் இருக்க முடியுமா?

மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தம் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழும்படியும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். புகாரியில் பதிவான இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் சலுகையாகவே எடுத்துக்கொள்கிறோம். நோயாளியா? நாற்காலியைப் போடு! முடிந்தது. ஆனால் அதன் வரிசையைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் 'இயலுமா?' என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு விடை காணாமல் அடுத்த படிக்கு இறங்க வழியில்லை. அந்த விடையைத் தேட வேண்டியவர் நோயாளி. அவருக்குத் துணை, அறிந்த மருத்துவர். பார்த்துப் பதறுகிற பிள்ளைகளிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

நம் மலையில் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து மாப்பிள்ளைமார் ஷாஃபிகள். ருகூஉ, சுஜூது செய்ய முடியாதவர் நிற்க வேண்டுமா என்பது போன்ற விவரங்களில் இரு மத்ஹபுகளுக்கும் வேறுபாடு உண்டு. அவற்றை உள்ளூர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஆனால் சுவரில் சாய்ந்தோ கைத்தடியை ஊன்றியோ நிற்க முடிந்தவர் அப்படியே நின்று தொழ வேண்டும் என்று இரு மத்ஹபின் ஃபகீஹ்களும் எழுதியிருக்கிறார்கள். தொழுகை முழுவதும் நிற்க முடியாதவர் முடிந்த அளவு நின்றுவிட்டுப் பிறகு உட்கார வேண்டும். இயலாத பகுதியைக் காரணம் காட்டி இயன்ற பகுதியைத் தள்ளுபடி செய்ய முடியாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. பக்கவாதக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான விதி எது? பாதி உடல் போனது உண்மை. மீதிப் பாதி தள்ளுபடியாகவில்லை.

சலுகையைச் சுட்டிக்காட்டுவோர் இன்னொரு ஹதீஸையும் எடுத்துக்காட்டுவார்கள். ஒரு மனிதர் ஆரோக்கியமாக இருந்தபோது செய்துவந்த அமல்களின் நன்மை அவர் நோயுற்றிருக்கும்போதும் எழுதப்படுகிறது என்பது அது. உண்மைதான், எத்தனை பெரிய ஆறுதல்! ஆனால் அந்தக் கூலி நோய் தடுத்துவிட்ட அமலுக்கு உரியது. நோய் தடுக்காமல் நாம் தடுத்ததற்கும் அது கிடைக்குமா?

இங்கே நமக்குத் துணை நிற்பவை ஸஹீஹான இரண்டு அறிவிப்புகள். இரண்டிலும் ஒருவர் இருவர் நடுவே தாங்கி அழைத்து வரப்படுகிறார். முதலாவது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிப்பது. அக்காலத்தில் நோயுற்ற ஒருவர், இரு மனிதரின் தோள்களுக்கு நடுவே தள்ளாடித் தள்ளாடி வந்து தொழுகை வரிசையில் நிறுத்தப்படுவாராம். நாயகம் (ஸல்) அவர்களே தம் இறுதி நோயில் சற்று இலேசாக உணர்ந்தபோது, இருவர் தாங்க, பாதங்கள் தரையில் கோடு இழுக்கப் பள்ளிக்கு வந்தார்கள். தாங்கியவர்கள் தோள் கொடுத்தார்கள், தூக்கிவிடவில்லை. கால் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு முதியவர் தம் இரு மகன்களுக்கு நடுவே தாங்கப்பட்டு நடந்து செல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் காண்கிறார்கள். ஏனென்று கேட்டபோது, நடந்தே செல்வதாக அவர் நேர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்படுகிறது. அவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, அவரை வாகனத்தில் ஏறிச் செல்லப் பணித்தார்கள்.

அங்கும் இருவர் தோள், இங்கும் இருவர் தோள். ஒன்று ஏற்கப்பட்டது, மற்றது நிறுத்தப்பட்டது. ஏன்? முதலாமவருக்குப் பள்ளி வரை வரும் சக்தி, தோள் கொடுத்தால், இருந்தது. இரண்டாமவர் தம் சக்திக்கு மேற்பட்டதைத் தம்மேல் சுமத்திக்கொண்டிருந்தார். ஆகவே, சிரமப்படுகிறாரா இல்லையா என்பது அளவுகோலாகாது. இருவருமே சிரமப்பட்டார்கள்.

மருத்துவ உலகமும் இந்த இரு எல்லைகளையும் கண்டிருக்கிறது. பக்கவாதம் வந்தவரை 24 மணி நேரத்துக்குள்ளாகவே அடிக்கடி எழுப்பி நிறுத்தி நடக்க வைத்தால் விரைவில் தேறுவார் என்று எண்ணி, ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 நோயாளிகளிடம் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். முடிவு 2015-ல் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அவசரப்படுத்தப்பட்டவர்களில் 46 சதவிகிதத்தினரும், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 50 சதவிகிதத்தினரும் நல்ல நிலையில் இருந்தனர். அதிகமாகச் செய்ததே சற்றுக் குறைத்துவிட்டது! எனவே, 'நடக்க வேண்டுமாம்' என்று படித்த கையோடு அத்தாவைப் படியேற்றக் கிளம்பிவிடாதீர்கள். எப்போது தொடங்குவது, எவ்வளவு, இரத்த அழுத்தம் எந்த அளவில் இருக்கும்போது என்பதை மருத்துவரிடமும் இயன்முறைச் சிகிச்சையாளரிடமும் கேட்டாக வேண்டும். சுஜூதுக்குக் குனியலாமா என்பதையும் கூச்சமின்றிக் கேளுங்கள். விளங்காத கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது; தசைப் பிடிப்பற்ற தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பைத் தாங்கி எழுப்ப வேண்டும். நம் குளிர்ப் பிரதேசத்துக்கென்று இன்னுமோர் எச்சரிக்கை: உணர்வற்ற காலுக்குக் கணப்பின் சூடோ வெந்நீரின் கொதிப்போ தெரியாது. ஒளூவுக்கு ஊற்றும் நீரை நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். அடைத்த அறையில் கரிக் கணப்பு வைத்து உறங்குவது யாருக்குமே ஆபத்து.

வலக் கையின் விஷயத்துக்கு வருவோம். நம் வீடுகளில் இது வெறும் மருத்துவப் பிரச்சினையாக நிற்பதில்லை. வாழ்நாளெல்லாம் பிஸ்மில்லாஹ் சொல்லி வலக் கையால் உண்டவருக்கு, இடக் கையால் உண்பதில் நெஞ்சு குறுகுகிறது. விருந்தினர் முன் உண்ண மறுக்கிறார். உண்மையான உத்ரு உள்ளவர் இடக் கையால் உண்பதில் குற்றமில்லை என்று மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் காதில் விழச் சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளைகள் கண்டுபிடிப்பது மூன்றாவது வழியை: ஊட்டிவிடுவது. அதன் விளைவு என்ன? விரல்களில் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும் சிறிதளவு அசைவையும் மூளை மறந்துவிடுகிறது. பயன்படாத கையை மூளை கணக்கிலிருந்து எழுதித் தள்ளிவிடுகிறது என்பதை எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க அறிஞர் விளக்கினார். அதற்கு அவர் வகுத்த மாற்று விசித்திரமானது: விளங்காத கையை விட்டுவிட்டு நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போட்டார்! 222 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம் இவ்வாறு செய்து பயிற்சி அளித்ததன் பலனை 2006-ல் வெளியிட்டார்கள். மணிக்கட்டிலும் விரல்களிலும் ஓரளவு அசைவு எஞ்சியிருந்த அவர்களுக்குக் கையின் பயன்பாடு குறிப்பிடத்தக்க அளவு கூடியது. எல்லாருக்கும் இது பொருந்தாது. வீட்டில் நாமே துணியால் கட்டிப் பார்க்கும் வைத்தியமும் அன்று. ஆனால் அதன் உட்பொருள் எல்லாருக்கும் உரியது. ஊட்டிவிடும் அன்புக் கரம், அவருடைய கையின் வேலையைப் பறித்துக்கொள்கிறது.

'எங்கள் தகப்பனார் ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் சிந்திக்கொண்டு திணறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா மரியாதை?' என்று ஒரு மகன் கேட்பான். அந்தக் கேள்வியில் நெஞ்சம் இருக்கிறது, அலட்சியப்படுத்த முடியாது. ஆயினும் அந்த மகனிடம் நாமும் ஒன்று கேட்கலாம். கவளத்தை நீ வாங்கி ஊட்டும்போது யாருடைய வேதனை நீங்குகிறது? பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பவனுடைய வேதனைதான். அவர் இன்னும் பத்து நிமிடம் முயன்றுகொண்டுதான் இருந்திருப்பார்.

இதைச் சொல்வது எளிது. அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும்? தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கப் போகிற மகளுக்கு விடியற்காலையில் பத்து நிமிடம் என்பது பெரிய சொத்து. அத்தா தாமே சட்டை மாட்ட அரை மணி. தாமே ஒளூ செய்ய இருபது நிமிடம். தானே செய்துவிட்டால் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடியும், வேலைக்கும் நேரத்தில் போகலாம். ஆகவே ஊட்டுவதெல்லாம் அறியாமை என்று சொல்லிவிட மாட்டேன். பாதிக்கு மேல் நேரமின்மை. உண்மையில் இந்த நோயில் மிக விலையுயர்ந்த பணிவிடை காத்திருப்பதுதான், மருந்தைவிட, பழத்தைவிட. அந்தச் செலவை ஒரே மருமகளின் தலையில் கட்டிவிட்டு, ஆண் மக்கள் அனைவரும் பணம் அனுப்புவதோடு நின்றுகொள்வது நம் சமுதாயத்தில் நடக்கிற அநியாயம். மாமனாருக்கு இருக்கும் உரிமையைப் பேசுகிற நாம், அவளுக்கு இருக்கும் உரிமையைப் பேச மறந்துவிடுகிறோம்.

குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதற்கும் இடமில்லை. நம் இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். உறவினர் ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்து, வீட்டில் அவரே தொடர்ந்து செய்யும்படி ஏற்பாடு. 2017-ல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும் ஆறு மாதத்தில் இறந்தோரும் பிறரைச் சார்ந்தே வாழ்வோரும் ஒரே அளவு: 47 சதவிகிதம். இதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். இயன்முறைச் சிகிச்சையாளரின் வேலையை முழுக்கக் குடும்பத்தின் மேல் சுமத்திவிட முடியாது என்பதைத்தான் இதிலிருந்து நான் அறிகிறேன். நல்லவேளையாக நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வர வகை செய்யப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் திறக்கப்பட்டுவிட்டது. கூடலூர்க்காரருக்கு அதுவும் ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதைதான். எனினும் கோவைக்கு இறங்குவதைவிட மேல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். பெண் நோயாளிக்கு ஆண் சிகிச்சையாளர் வருகிறாரே என்று தயங்கித் திருப்பி அனுப்பிவிடுகிற வீடுகள் உண்டு. பெண் சிகிச்சையாளர் இருந்தால் அவரையே நாடுங்கள். இல்லையேல், சிகிச்சைக்குத் தேவையான அளவில், வீட்டார் உடனிருக்க, மார்க்கம் அனுமதிக்கிறது.

பெண்களைப் பற்றிப் பேசுகையில் இதையும் சொல்ல வேண்டும். ஓர் உம்மாவுக்கு இந்த நோய் வந்தால் அவளிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது அடுப்படி. பாசத்தோடுதான் பறிக்கிறார்கள். அறுபது வருடம் ஆண்ட இடத்துக்குள் அவள் விருந்தாளியாகிவிடுகிறாள். பூண்டு உரிக்க, பட்டாணி உடைக்க, அரிசியில் கல் பொறுக்க ஒரு முறத்தை அவள் மடியில் வைத்துப் பாருங்கள். மெதுவாகத்தான் நடக்கும், நாலு மணி சிதறும். நெருப்பருகே மட்டும் விட வேண்டாம்.

அவரே எழ மறுத்தால் என்ன செய்வது? இதுவும் அடிக்கடி நிகழ்வது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் பற்றிக்கொள்கிறது. அதை ஈமானின் குறைவென்றோ சோம்பலென்றோ எண்ணி உபதேசம் செய்பவர்கள் நோயாளியை இருமுறை அடிக்கிறார்கள். அதற்கும் மருந்து உண்டு. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வற்புறுத்தி இழுத்து நடத்துவது, நாம் மேலே கண்ட இரண்டாவது முதியவரின் கதையாகிவிடும். ஆனால் அவர் மறுத்தது நடையையா, நடத்திய விதத்தையா என்றும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இருவர் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிக்கொண்டு அறைக்குள் நடத்தும்போது கூசுகிற மனிதர், பாங்கு கேட்டதும் கைத்தடியைத் தேடுவார். நாளுக்கு ஐந்து முறை எழ ஒரு காரணம் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. நாற்காலியைத் தொழுகைப் பாய்க்கு அருகில் கொண்டுவராமல், நாற்காலியிலிருந்து பாய் வரை நான்கடியை அவருக்கே விட்டுவைத்தால் போதும். தக்பீர் கட்டும் நேரம் மட்டும் சுவரில் சாய்ந்து நிற்கட்டும். அடுத்த மாதம் ஃபாத்திஹா முடியும் வரை நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வார்த்தை. நம் மலைப் பள்ளிவாசல்களில் பலவற்றுக்குப் படியேறித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் படிகளில் பாசி பிடித்துவிடுகிறது; ஹவுளுக்குப் போகும் வழி எப்போதும் ஈரம். வெள்ளையடிப்பதற்கும் விளக்குத் தோரணத்துக்கும் வசூலிக்கிற பணத்தில் இருபதடி இரும்புக் குழாய் வாங்கி, படியோரம் கைப்பிடியாகப் பதித்துவிடலாம். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்தவரும் உண்டு, இடப்பக்கம் விழுந்தவரும் உண்டு. ஆகையால் இரு பக்கமும் பதிக்க வேண்டும்.